ஊக்கம் போதும், பர்ஸ்ட் குரூப் கொடுங்கள்

பிப்ரவரி பிறந்தால் போதும், பள்ளிகளுக்குள் ஒரு கூட்டம் வந்துவிடுகிறது. பிப்ரவரி 11, அறிவியலில் பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான நாள். 2015 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாள். இந்தப் பதினேழு நாள் இடைவெளியில் அரசுப் பெண்கள் பள்ளிகளின் வெயில் மைதானங்களில் நம் பிள்ளைகளை உட்கார வைத்து, மேடையில் ஷாமியானா நிழலில் நின்றுகொண்டு, "பெண்களால் முடியும், பெரிதாகக் கனவு காணுங்கள், தன்னம்பிக்கை வேண்டும்" என்று யாரோ ஒருவர் பேசுகிறார். பென்சில் பாக்ஸ் தருகிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். போய்விடுகிறார்கள்.

மூன்று மாதம் கழித்து பத்தாம் வகுப்பு முடிவு வருகிறது. பிப்ரவரியில் கைதட்டிய அதே பிள்ளை, பதினொன்றாம் வகுப்பில் சேர அம்மாவுடன் பள்ளி அலுவலகத்தில் நிற்கிறாள். அங்கே அவளுக்குக் கிடைக்கும் பதில் வேறு. "ஏம்மா, பர்ஸ்ட் குரூப்னா டியூஷன் வைக்கணும், ரெக்கார்டு நோட்டு, அது இதுன்னு செலவு ஆவும். உங்க வீட்ல சொல்லிக் குடுக்க ஆள் இருக்கா? ஆர்ட்ஸ் குரூப் போட்டுக்க. ஈஸியா பாஸாயிட்டு ஏதாவது வேலைக்குப் போவட்டும்." அம்மாவும் "நீங்க சொன்னா சரி சார்" என்று கைநாட்டோ கையெழுத்தோ போட்டுவிட்டு, அரைநாள் கூலியாவது மிஞ்சட்டும் என்று வேலைக்கு ஓடுகிறார்.

களப்பணியில் ஒவ்வொரு ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் நான் கேட்கும் உரையாடல் இது. பள்ளியின் பெயர் மாறும், வசனம் மாறுவதில்லை.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தலித் பெண் பிள்ளைகளுக்கு அறிவியல் படிக்க ஊக்கம் குறைவாக இல்லை. ஆசை குறைவாக இல்லை. குறைவாக இருப்பது அனுமதி. ஊக்கம் பற்றிய பேச்சு முழுக்க, அந்த அனுமதியை மறுப்பது யார் என்ற கேள்வியை மறைக்கும் திரை.

பதினைந்து வயதில் மூடும் கதவு

வெளியூர் நண்பர்களுக்கு பர்ஸ்ட் குரூப் விவகாரத்தின் கனம் புரியாது. தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் என்பதுதான் ஒரு பிள்ளையின் அடுத்த நாற்பது ஆண்டு. கணிதம், இயற்பியல், வேதியியல் இல்லாமல் பொறியியல் இல்லை. உயிரியல் இல்லாமல் மருத்துவம் இல்லை, பி.எஸ்சி. நர்சிங் இல்லை, வேளாண்மைப் பட்டம் இல்லை. பொருளியல் படிப்பதோ வரலாறு படிப்பதோ கேவலம் என்று நான் சொல்லவில்லை. நானே சமூகவியல் படித்தவள்தான். ஆனால் விரும்பி எடுப்பது வேறு, தள்ளிவிடப்படுவது வேறு. அறிவியல் குரூப்பிலிருந்து பிறகு வரலாற்றுக்குப் போகலாம். வரலாற்றிலிருந்து இயற்பியலுக்குத் திரும்பிவர வழியே கிடையாது. இந்தக் கதவு ஒரு பக்கம்தான் திறக்கும்.

இவ்வளவு பெரிய முடிவை எடுப்பது யார்? ஒரு தலைமையாசிரியரின் மேசை. அவருக்கு வேண்டியது தேர்ச்சி விகிதம். பொதுத்தேர்வில் பள்ளியின் சதவீதம் குறைந்தால் மேலிருந்து கேள்வி வரும். அந்தப் பயத்தில், தோற்றுவிடக்கூடும் என்று அவர் நினைக்கும் பிள்ளைகளை அறிவியல் பக்கமே விடுவதில்லை. யார் தோற்பார்கள் என்று அவர் எப்படி முடிவு செய்கிறார்? மதிப்பெண் ஒரு அளவுகோல். தெருப்பெயர் இன்னொரு அளவுகோல். ஒரே மதிப்பெண் வாங்கிய ஊர்த்தெருப் பிள்ளைக்கு "கொஞ்சம் முயற்சி பண்ணா வந்துடுவா" என்பார்கள். காலனிப் பிள்ளைக்கு "கஷ்டம்மா" என்பார்கள். இந்த வித்தியாசம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதனால்தான் அது இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது.

இங்கே நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கும் இடஒதுக்கீடு பொருந்தும். பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. இதைப் பின்பற்றச் சொல்லி பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கல்லூரிக் கவுன்சிலிங்கில் இனச்சுழற்சிப் பட்டியலைத் தேடிப் பார்க்கிற நாம், அந்தக் கவுன்சிலிங்குக்கு யார் போகலாம் என்று முடிவாகிற பள்ளி அலுவலகத்தில் ஒரு பட்டியலையும் கேட்பதில்லை. எந்த அறிவிப்புப் பலகையிலாவது குரூப் வாரியாக, பிரிவு வாரியாக இடங்களின் எண்ணிக்கை ஒட்டப்பட்டதைப் பார்த்திருக்கிறீர்களா?

ஆறரை மணி ஸ்பெஷல் கிளாஸ்

சரி, அடம்பிடித்து பர்ஸ்ட் குரூப் வாங்கிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன?

அவள் ஊரில் இருப்பது உயர்நிலைப் பள்ளி. மேல்நிலைப் பள்ளி எட்டு, பத்து கிலோமீட்டர் தள்ளி. அங்கே இயற்பியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லையென்றால், பெற்றோர் ஆசிரியர் கழகம் சொற்பச் சம்பளத்தில் வைத்த ஒருவர் வருவார். பாதி ஆண்டில் வேறு வேலை கிடைத்தால் அவரும் போய்விடுவார். லேப் இருக்கும், சாவி இருக்காது. சாவி இருந்தால் ரசாயனம் இருக்காது. செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம் அவசர அவசரமாகத் திறந்து, டைட்ரேஷனை ஒருவர் செய்ய நாற்பது பேர் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

இதெல்லாம் எல்லா ஏழைப் பிள்ளைக்கும் உள்ளதுதானே என்பீர்கள். உண்மை. இனிமேல் வருவதுதான் நமக்கு மட்டும் உள்ளது. அறிவியல் குரூப்புக்கு மாலை ஸ்பெஷல் கிளாஸ் உண்டு. ஆறு, ஆறரை மணிக்கு விடுவார்கள். பஸ் பாஸ் இலவசம்தான். ஆனால் அந்த நேரத்தில் பஸ் இல்லை. அடுத்த பஸ் ஏழரைக்கு வந்து ஊர் நிறுத்தத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து காலனிக்கு ஊரைக் கடந்து, விளக்கில்லாத ரோட்டில் நடக்க வேண்டும். வழியில் பாலத்துக் கட்டையில் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். என்ன பேசுவார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. அவர்களைக் கேள்வி கேட்டால் காலனிமேல் கல் விழும் என்று அந்த அப்பாவுக்குத் தெரியும். அவர் என்ன செய்வார்? "ஸ்பெஷல் கிளாஸ் வேணாம்மா" என்பார். ஸ்பெஷல் கிளாஸ் இல்லாமல் கணிதம் வராது. கணிதம் வராததால் அரையாண்டில் மதிப்பெண் சரியும். "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்று பள்ளி சொல்லும்.

இப்போது சொல்லுங்கள். அந்தப் பிள்ளைக்குக் கணிதம் வரவில்லையா, பஸ் வரவில்லையா? சேரியை ஊருக்கு வெளியே வைத்த அதே சாதி அமைப்புதான் அவளை இயற்பியலுக்கு வெளியேயும் வைக்கிறது. ஆண் பிள்ளைக்கு இதே ரோட்டில் அடி விழலாம் என்ற பயம். பெண் பிள்ளைக்கு அதோடு மானம் என்ற பயமும் சேர்கிறது. சாதியும் ஆணாதிக்கமும் தனித்தனிப் பாடம் என்று நினைக்கிற தோழர்கள் ஒருநாள் அந்த ஏழரை மணி பஸ்ஸில் வந்து பாருங்கள்.

பள்ளி வளாகம் பாதுகாப்பான இடம் என்ற நம்பிக்கையும் நமக்கு மிச்சமில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவன் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அறிக்கை வந்துவிட்டது என்பதோடு திருப்தி அடைந்துவிட்டால் நாமும் அந்தப் பிப்ரவரி மேடைக்காரர்களும் ஒன்றுதான்.

தூரத்தில் நின்று பார்த்த வேதியியல்

"அறிவியலுக்குச் சாதி ஏது? நியூட்டன் விதி சாதி பார்த்தா வேலை செய்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியூட்டன் விதிக்குச் சாதி தெரியாது. லேப் சாவிக்குத் தெரியும்.

தாட்சாயணி வேலாயுதனை அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே தலித் பெண்ணாக நமக்குத் தெரியும். 1912-இல் கொச்சிப் பகுதியின் முளவுகாட்டில் புலையர் சமூகத்தில் பிறந்தவர். இந்தியாவில் பட்டம் பெற்ற முதல் தலித் பெண் அவர். அந்தப் பட்டம் எதில்? வேதியியலில். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் 1930-களில் படித்தார். ஆதிக்கச் சாதி ஆசிரியர் அவரைப் பக்கத்தில் சேர்த்துச் சோதனைகளைச் செய்துகாட்டவில்லை. தள்ளி நின்று, மற்றவர்கள் செய்வதைத் தூரத்திலிருந்து பார்த்தே கற்றுக்கொண்டு தேறினார். குடுவையைத் தொடவிடாமல் வேதியியல் கற்பித்த நாடு இது.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1933-இல் கமலா சோஹோனி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதால் சர் சி.வி. ராமன் மறுத்தார். அவர் விடாமல் போராடியபின் நிபந்தனைகளோடு சேர்த்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ் போய் முனைவர் பட்டம் பெற்றார். வசதியும் கல்வியும் பல தலைமுறையாக உள்ள ஆதிக்கச் சாதிக் குடும்பத்துப் பெண்ணுக்கே வாசலில் அந்த நிலை. அவர் போராட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அறிவியல் நாள் சுவரொட்டியில் கமலா சோஹோனி இருக்கிறார். தாட்சாயணி இருப்பதில்லை. அவர் ஆசிரியராகி, சட்டமன்ற உறுப்பினராகி, அரசியல் சாசனம் எழுதிய சபையில் உட்கார்ந்தார். பெருமைதான். ஆனால் ஒரு வேதியியல் பட்டதாரி ஏன் வேதியியலாளராகவில்லை என்று இதுவரை யார் கேட்டார்கள்?

தலசேரியின் தீயர் சமூகத்தில் பிறந்த ஜானகி அம்மாள், சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்றவர். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பு மரபியலில் வேலை செய்தார். அங்கே பெண்ணாகவும் சாதியாலும் அவர் சந்தித்த ஒதுக்கல் பதிவாகியிருக்கிறது. நாட்டை விட்டு லண்டன் போனபின்தான், 1945-இல், டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் என்ற பெரும் நூலை அவரால் வெளியிட முடிந்தது. உயிரியல் பாடப்புத்தகம் படிக்கும் எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியும்?

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2007-இல் வந்த சுகதேவ் தோரட் குழுவின் அறிக்கை, தில்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் வகுப்பிலும் விடுதியிலும் வாய்மொழித் தேர்விலும் எப்படி ஒதுக்கப்பட்டார்கள் என்பதை வரிசையாகச் சொன்னது. 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். 2019 மே மாதம் மும்பையில், மகப்பேறு மருத்துவம் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த பழங்குடிப் பெண் பாயல் தாட்வியை இழந்தோம். உள்ளே போனபின்னும் கதவு மூடுவது நிற்கவில்லை.

அரியலூரின் இரண்டு பெண்கள்

2023-இல் சந்திரயான் 3 புறப்பட்டபோது கவுன்ட் டவுன் சொன்ன குரல் அரியலூரில் வளர்ந்த வளர்மதியுடையது. ரிசாட் 1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக இருந்தவர். கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். ஆதித்யா எல் 1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர், திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி மாணவி. சிறு ஊர், அரசுக் கல்லூரி. இவர்கள் படத்தைக் காட்டித்தான் "பாருங்கள், உங்களாலும் முடியும்" என்கிறார்கள்.

அதே அரியலூர் மாவட்டத்தின் குழுமூரில்தான் அனிதா பிறந்தாள். மூட்டை சுமக்கும் தொழிலாளியின் மகள். 2017-இல் பிளஸ் டூவில் 1200-க்கு 1176. அவளுக்கு யாராவது ஊக்கம் தர வேண்டியிருந்ததா? தன்னம்பிக்கை வகுப்பு எடுக்க வேண்டியிருந்ததா? உச்ச நீதிமன்றம் வரை போனாள். அதைவிட என்ன தன்னம்பிக்கை வேண்டும்? ஆட்டம் தொடங்கி முடியும் நேரத்தில் விதியை மாற்றினார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று அவளை இழந்தோம். நீட் வந்தபின் அரசுப் பள்ளி, தமிழ்வழி மாணவர்களின் பங்கு சரிந்ததை 2021-இல் ஏ.கே. ராஜன் குழு பதிவு செய்தது. அனிதா தோற்கவில்லை. தோற்கும்படி வாசல் இடம் மாற்றப்பட்டது.

அனிதாவை நினைக்கும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்கிறேன், இதைப் படிக்கும் தங்கைகளுக்காக. நம் கோபத்துக்கு உயிரோடு இருக்கும் உங்கள் குரல் தேவை. ஒரு தேர்வோ, ஒரு பேராசிரியரோ, ஒரு விடுதி அறையோ தாங்க முடியாமல் போனால் பக்கத்தில் உள்ள தோழரிடம் பேசுங்கள், எங்களிடம் பேசுங்கள். இந்தச் சண்டை உங்களை விட்டுவிட்டு நடக்க முடியாது.

விதி மாறினால் ஆள் வருவார்கள்

"தகுதி இல்லாததால்தான் வரவில்லை" என்ற வாதத்துக்கு உணர்ச்சிவசப்பட்டுப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நடந்ததைச் சொன்னால் போதும்.

ஐ.ஐ.டி.களில் பத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை என்ற நிலை பல ஆண்டு இருந்தது. பெண்களுக்குக் கணிதம் வராது என்று கதை சொன்னார்கள். 2018-இல் பெண்களுக்குக் கூடுதல் இடங்களை உருவாக்கினார்கள். முதலாண்டு இலக்கு 14 விழுக்காடு, 2020-இல் 20 விழுக்காடு. இடங்கள் நிரம்பின. இரண்டு ஆண்டில் இந்தியப் பெண்களின் மூளையா மாறிவிட்டது? மாறியது விதி.

2020-இல் தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள், அந்த ஆண்டே 300-க்கு மேல் மருத்துவ இடங்களைப் பெற்றார்கள். 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் வரை விரிந்தது. 2006-இல் சட்டம் போட்டுப் பொறியியல் நுழைவுத் தேர்வை ஒழித்தபின்தான் கிராமத்துப் பிள்ளைகள் பொறியியல் கல்லூரிகளை நிறைத்தார்கள். ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான்: கதவைத் திறந்தால் பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள். திறக்காமல் வெளியே நின்று "வா, வா" என்று கைதட்டுவதுதான் ஊக்கம்.

நாட்டின் கணக்கையும் பாருங்கள். அறிவியல் தொழில்நுட்பப் பட்டதாரிகளில் 40 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள் என்று அமைச்சர்கள் பெருமை பேசுகிறார்கள். ஆராய்ச்சிப் பணியில் நேரடியாக இருப்பவர்களில் பெண்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. இடையில் எங்கே போனார்கள்? தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை 47 விழுக்காடு என்று விளம்பரம் வருகிறது. நம் மக்களின் சேர்க்கை 40-க்குச் சற்றுக் கீழே. நாட்டின் சராசரியைவிட நாம் மேலே இருக்கிறோம், அதற்குப் பின்னால் திராவிட, தலித் இயக்கங்களின் நூறாண்டு உழைப்பு இருக்கிறது. ஆனால் இந்தச் சேர்க்கையில் எத்தனை பேர் இயற்பியலில், எத்தனை பேர் கணினியியலில், எத்தனை பேர் ஆராய்ச்சியில் என்று பிரித்துக் கேட்டால்தான் உண்மையான முகம் தெரியும்.

மேலே போகப் போக வாசல் இன்னும் இறுகுகிறது. 2019-இல் மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணிக்கு இடஒதுக்கீடு தரும் சட்டம் வந்தது. அதே சட்டத்தின் நான்காவது பிரிவு, சிறப்பு நிறுவனங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள், தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என்று ஒரு அட்டவணை போட்டு, அவற்றுக்கு இது பொருந்தாது என்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அதில் உண்டு. ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்பு நிறுவனங்களும் உண்டு. இதன் பொருளைப் பச்சையாகச் சொல்கிறேன்: எங்கே உயர்ந்த அறிவியல் நடக்கிறதோ அங்கே நீங்கள் வேண்டாம் என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. கனவு காணச் சொல்லும் மேடைகளில் இந்த அட்டவணையை யாராவது வாசித்துக் காட்டியதுண்டா?

நாம் ஏற்கெனவே தொழில்நுட்பத்தில்தான் இருக்கிறோம்

தொழில்நுட்பம் நம் பெண்களை ஒதுக்கிவிட்டது என்பதும் முழு உண்மையல்ல. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளின் நவீன எந்திரங்களுக்கு முன் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில், முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்ற பேச்சை நம்பி நின்ற பிள்ளைகள் யார்? சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயர் வைத்து, பதின்வயதில் தூக்கிக்கொண்டு போகப்பட்டவர்களில் பெரும்பகுதி தலித் குடும்பத்துப் பெண்கள். ஸ்ரீபெரும்புதூரில் உலகின் விலையுயர்ந்த கைபேசியைக் கோத்துத் தருபவர்கள் கிராமத்து ஏழைக் குடும்பத்துப் பெண்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகிப் பலர் மருத்துவமனைக்குப் போனபோது, சக தொழிலாளிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்துத்தான் தங்கள் நிலையை உலகுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் பதனிடுவது வேதியியல்தான். தலைமுறை தலைமுறையாக நம் மக்கள் கையில் இருந்த வேலை. நாற்றம் நமக்கு, குரோமியம் கலந்த நீர் நமக்கு, வேதியியல் பட்டம் மட்டும் வேறு ஒருவருக்கு. ஆக, பிரச்சினை உள்ளே வருவதில் மட்டும் இல்லை. எந்த மேசையில் உட்காருவது என்பதிலும் இருக்கிறது. கோக்கும் மேசைக்கு நம்மை வேன் வைத்து அழைக்கிறார்கள். வடிவமைக்கும் மேசைக்குத் தகுதி கேட்கிறார்கள்.

நம் இயக்கத்துக்குள்ளும் சில வார்த்தைகள்

"அறிவியல் படித்தவர்கள் ஐ.டி.க்குப் போய், அமெரிக்கா போய், சமூகத்தை மறந்துவிடுகிறார்கள். இயக்கத்துக்கு வக்கீல்கள்தான் வேண்டும்" என்று நம் தோழர்களே பேசக் கேட்டிருக்கிறேன். இது தவறு. அமெரிக்கா போனாலும் சாதி விடுவதில்லை. 2020-இல் கலிபோர்னியா மாநில அரசு, சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளருக்குச் சாதிப் பாகுபாடு நடந்ததாக வழக்குப் போட்டது. 2023-இல் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. நம் ஆட்கள் உள்ளே போய்ப் பேசியதால்தான் அந்த நாட்டுக்கு இந்தச் சொல்லே தெரிந்தது.

உள்ளூருக்கு வாருங்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். நீர் மாதிரி, டி.என்.ஏ. சோதனை, ஆய்வகம் என்று விசாரணை போனது. பாதிக்கப்பட்ட மக்களையே ரத்தம் கொடுக்கச் சொன்னார்கள். 2025 ஜனவரியில் அதே குடியிருப்பின் மூன்று பேர்மீது குற்றப்பத்திரிகை வந்தது. அந்த அறிவியல் அறிக்கைகளை வாங்கி, வரிவரியாகப் படித்து, சோதனை எப்படி நடந்தது, மாதிரியை எப்போது எடுத்தார்கள், அதிலிருந்து எதை நிரூபிக்க முடியும், எதை முடியாது என்று கேள்வி கேட்க நம் பக்கம் எத்தனை தடய அறிவியலாளர்கள் இருந்தார்கள்? வக்கீல் வேண்டும். அந்த வக்கீலுக்குப் பக்கத்தில் ஆய்வக அறிக்கையைப் படிக்கத் தெரிந்த நம் பெண்ணும் வேண்டும்.

2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவத்துக்குப் பக்கத்தில் கலன் இறங்கியது. மகிழ்ச்சி. ஆனால் 2013-இல் சட்டம் போட்டும் மலக்குழியில் இன்னும் மனிதன் இறங்குகிறான். இது தொழில்நுட்பம் இல்லாததாலா? எந்தச் சிக்கலை ஆய்வகம் கையில் எடுக்கிறது என்பது, ஆய்வகத்துக்குள் யார் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மலக்குழியில் அப்பாவைப் பறிகொடுத்தவள் பொறியாளரானால் முதலில் எந்த எந்திரத்தை வரைவாள் என்று யோசியுங்கள்.

இன்னொன்று, நம் வீடுகளைப் பற்றி. அண்ணனைக் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, தங்கைக்கு "டீச்சர் டிரெய்னிங் போதும், பக்கத்துலயே இருக்கலாம்" என்று சொல்வதும் கதவை மூடுவதுதான். ஒரு சமூகத்தின் வளர்ச்சியைப் பெண்களின் வளர்ச்சியை வைத்தே அளப்பேன் என்ற கருத்தை பாபாசாகேப் 1942-இல் நாக்பூர் பெண்கள் மாநாட்டில் சொன்னார். ஏப்ரல் 14-க்குப் படத்துக்கு மாலை போட்டுவிட்டு மே மாதம் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்கள் அதை மறுபடி படிக்க வேண்டும்.

என்ன கேட்போம், என்ன செய்வோம்

அரசிடம் நம் கோரிக்கைகள் எளியவை.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் குரூப் வாரியாக, பிரிவு வாரியாக இடங்களும் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையும் பள்ளிப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கேட்ட குரூப்பை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

ஆதிதிராவிடர் நல மேல்நிலைப் பள்ளிகளிலும் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிகளிலும் கணிதம், இயற்பியல், வேதியியலுக்கு நிரந்தர ஆசிரியர் வேண்டும். லேப் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும்.

ஸ்பெஷல் கிளாஸ் முடியும் நேரத்துக்குக் காலனி வரை பஸ் வேண்டும். முடியாதென்றால் ஸ்பெஷல் கிளாஸைக் காலையில் வைக்க வேண்டும்.

புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தாமதமாக வருவதால் டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் பிடித்து வைத்துக்கொள்ளும் கல்லூரிகள்மீது நடவடிக்கை வேண்டும். 2019 சட்டத்தின் நான்காவது பிரிவு நீக்கப்பட வேண்டும்.

இனி நாம் செய்ய வேண்டியது. கல்லூரியில் படிக்கும் தோழர்களே, பத்தாம் வகுப்பு முடிவு வரும் வாரம் ஊருக்குப் போங்கள். உங்கள் தெருவில் தேறிய பெண் பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொருவரோடும் பள்ளிக்குப் போங்கள். சண்டை வேண்டாம். "சார், இவளுக்குப் பயோ மேத்ஸ் வேணும். இல்லைன்னா ஏன்னு எழுதிக் குடுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பல கதவுகள் தானாகத் திறப்பதை நான் பார்த்திருக்கிறேன். திறக்கவில்லையென்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு. அதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்விகள்: சென்ற ஆண்டு ஒவ்வொரு குரூப்பிலும் பட்டியல் சாதி மாணவிகள் எத்தனை பேர்? அறிவியல் ஆசிரியர் காலிப் பணியிடம் எத்தனை? லேப் பொருட்களுக்கு எவ்வளவு செலவானது?

உங்கள் கல்லூரியிலும் ஒரு கேள்வி கேளுங்கள். 2012-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த சமத்துவ விதிகள் சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் வேண்டும் என்றன. ரோஹித்தின் அம்மாவும் பாயலின் அம்மாவும் 2019-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது இந்த விதிகள் ஏட்டோடு நின்றுவிட்டதால்தான். உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார், அவர் அறை எங்கே? தெரியாதென்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள்.

சனி, ஞாயிறுகளில் இரவுப்பள்ளி நடத்துகிறவர்கள் கணிதத்தை முதலில் வையுங்கள். அம்பேத்கரையும் பெரியாரையும் சொல்லிக்கொடுக்கும் அதே பலகையில் வகைக்கெழுவையும் எழுதுங்கள். அது அரசியலுக்கு வெளியே உள்ள வேலை அல்ல. தொடவிடாத குடுவையைத் தொடுவதைவிட வேறென்ன அரசியல் இருக்கிறது?

அடுத்த பிப்ரவரியில் மறுபடி மேடை போடுவார்கள். கனவு காணுங்கள் என்பார்கள். அப்போது நம் பிள்ளைகளில் ஒருத்தி எழுந்து கேட்கட்டும்: "கனவு இருக்கு சார். எங்க ஸ்கூல்ல பிசிக்ஸ் டீச்சர் எப்ப வருவாங்க?"